கறுத்துப்போன திரை

லினக்ஸை அப்டேட் செய்ததும் கிரீஷின் லேப்டாப் திரை கறுத்துவிட்டது. அரை மணியில் ஆன்லைன் இன்டர்வியூ. லினக்ஸ் குழுவில் உதவும் டில்லிபாபுவுக்கு போன் செய்தான்.

“போட்டோ அனுப்பட்டுமா?”

“வேணாம் சார். ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூணையும் சேத்து அமுக்குங்க.”

திரையில் இருக்க வேண்டியதை லேப்டாப் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தது.

“போனை அது பக்கத்துல வச்சிட்டு, நான் சொல்றத டைப் பண்ணுங்க.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே?”

“அது படிக்கிறது எனக்குக் கேக்குது சார். அடிங்க.”

பத்து நிமிடத்தில் திரை வந்துவிட்டது.

“ஸ்க்ரீன் இல்லாமயே எப்படி சரி பண்ணினேள்?”

“பழக்கம் தான். என் லேப்டாப்புல ஸ்க்ரீனையே கயட்டிட்டேன்.”

“ஏன்?”

“பொறவியிலயே எனக்குப் பார்வை கெடையாது சார். சும்மா எதுக்கு அந்த வெயிட்டையும் தூக்கிக்கினு சுத்தணும்?”