ஜன்னலுக்கடியில் ஒரு பச்சை

சிறுமியின் அறைக்கு இளம்பச்சையைத் தேர்ந்தெடுத்தவள் அவளுடைய இறந்துபோன அம்மா. ஜன்னலுக்குக் கீழே அந்தப் பூச்சு மழையில் ஊறிப் பெயர்ந்ததைச் சித்திதான் முதலில் பார்த்தாள். சிறுமியின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிறுமி இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெயர்ந்த சில்லை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்கு ஓடினாள்.

"இந்தப் பெயின்ட் கம்பெனியையே மூடிட்டாங்கம்மா. வேற கம்பெனி பெயின்ட்ல கலந்து தரேன். ஆனா அச்சு அசலா வராது" என்றார் கடைக்காரர்.

வரவில்லை. பூசிக் காய்ந்ததும் அந்த இடம் மட்டும் மஞ்சளோடித் தெரிந்தது. சிறுமி பார்த்தாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அந்தத் திட்டைக் காணவில்லை. நான்கு சுவர்களும் புதுப் பச்சைக்கு மாறியிருந்தன. சித்தி பீரோவை நகர்த்திப் பார்த்தாள். பின்னாலும் அதே பச்சை. டப்பாவில் மீந்த பெயின்ட் அப்படியே இருந்தது.

சிறுமி சுவரைத் தொட்டாள். விரலில் ஈரம் ஒட்டியது.

"சித்தி, அம்மாவுக்கு உங்க கலர் பிடிச்சிருக்கு."

கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். சுவர் காயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.