சாலையோரப் பாத்தி

எட்டிக் கை நீட்டினால் விமானத்தைத் தொட்டுவிடலாம்; அவ்வளவு உயரத்தில் பார்லி பயிரிட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை. பேச்சுத்துணைக்குக் காற்றுதான், அதுவும் பதில் சொல்லாது.

சாலையோரத்தில் பயிர் மஞ்சளடித்துக் கிடந்ததைப் பார்த்து, வேளாண் அதிகாரி மறுபடியும் ஜீப்பை நிறுத்தினாள்.

“யூரியாவை விதைக்கும்போது கொஞ்சம், தூர் கட்டும்போது மிச்சம். இதை எத்தனை வாட்டி சொல்றது, தாத்தா?”

“மண்டையில ஏறலம்மா. மூளை பார்லி மணி அளவுதான். உட்காரு, டீ ஆறுது.”

“கூடப் போட்டா பயிர் சாஞ்சிடும். குறைச்சா இப்படி வெளுத்துடும்.”

“அடேயப்பா, இதுல இவ்வளவு இருக்கா?”

“இந்தத் தடவை சரி பண்ணிடுங்க. அப்புறம் நான் மலையேறி வரவே வேண்டாம்.”

அவசரமாக அவளுக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

அவள் கோப்பையோடு வாசலில் நின்று வயலையே பார்த்தாள்.

“உரம் போடத் தெரியாதவங்க வயல்ல மஞ்சள் திட்டுத் திட்டா இருக்கும். உங்களுது கயிறு கட்டி அளந்த மாதிரி நாலு மூலையும் நேரா இருக்கு. அதுவும் ரோட்டுலேர்ந்து தெரியற இடத்துல மட்டும்.”

என்ன செய்வது? உர ஆராய்ச்சி நிலையத்தில் காலமெல்லாம் சோதனைப் பாத்தி பிரித்த கை. கோணலாக விடச் சொன்னாலும் கேட்கவில்லை.

“பயிரைப் பட்டினி போடாதீங்க, தாத்தா. டீ போட்டிருக்கேன்னு போன் பண்ணுங்க. வரேன்.”

ஜீப் முதல் வளைவில் திரும்புவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.