சின்னதம்பி சாமை

மேலாண்மைக் கல்வியின் வரலாற்றில் இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு, ஜவ்வாது மலையில், தகரக் கூரை போட்ட ஒரு சாமை மில்லில், மகத்தான கண்டுபிடிப்பு ஒன்று நிகழ்ந்தது என்பதை உலகத்தாருக்குப் பொறுப்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கண்டுபிடித்தவர் முனைவர் விஜயராஜ். வணிக மேலாண்மைப் பேராசிரியர். சொந்தமாகப் பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. ஆனால் வியாபாரம் செய்வது எப்படி என்று மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார்.

கண்டுபிடிக்கப்பட்டவள் செவ்வந்தி. படிப்பு மூன்றாம் வகுப்பு. மில்லுக்கு முதலாளி. அவளிடம் இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

பேராசிரியர் ஒரு மூட்டையின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கையில் ஒரு கிலோ பையைத் தூக்கிப் பிடித்தார்.

வெள்ளைப் பை. முகப்பில் பெரிதாகச் 'சின்னதம்பி'. அதற்குக் கீழே பத்து இலக்கம், ஒவ்வொன்றும் விரல் நீளம். கதிர் படம் இல்லை, சாமி படம் இல்லை, சிரிக்கும் குடும்பம் இல்லை. மற்றதெல்லாம் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில்.

"மினிமலிசம்!" என்றார். "பெங்களூர்ல இந்த டிசைனுக்கு லட்சக்கணக்குல கேப்பான். உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல சார். இவ்ளோ போதும்னு தோணுச்சு."

"சின்னதம்பின்னா யாரு, குலசாமியா?"

செவ்வந்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மிஷின் அருகே நின்ற சாந்தம்மாள் சிரித்தாள்.

"அவங்க வூட்டுக்காரரு சார். அக்கா வாயால சொல்லாது."

வாயால் சொல்லாத பெயரை இதுவரை ஆறு லட்சம் பைகளில் அச்சடித்திருக்கிறாள்.

'பிராண்ட் விசுவாசம்' என்று பேராசிரியர் தட்டிக்கொண்டார்.

அடுத்து வரைபடம். சித்தூர், ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா என்று சிவப்புப் புள்ளிகள்.

"பக்கத்துல வேலூர் இருக்கு. சென்னை இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஆந்திராவுக்குப் போயிருக்கீங்க. அதுவும் தமிழ்ல எழுதி! அங்க யாரும்மா இதைப் படிப்பா?"

"படிக்கிறவங்க படிப்பாங்க சார்."

பேராசிரியருக்குப் புல்லரித்தது. துணிச்சலான அந்தப் புள்ளிகளின் அமைப்புக்கு 'விஜயராஜ் மாதிரி' என்று அங்கேயே பெயர் வைத்தார். அதுதான் மேற்படி கண்டுபிடிப்பு.

செவ்வந்தி புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேணிகுண்டா, ரயிலடியில் மூட்டை தூக்குவதாக ஒருவன் சொன்னது. ராஜம்பேட்டை, டீக்கடையில் கண்டதாகப் புளி வியாபாரி சொன்னது. கடப்பா பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கே தோன்றியது.

ஆந்திராவில் மரம் வெட்டுகிற வேலை, பத்தே நாள் என்று ஒரு மேஸ்திரி அவள் புருஷனை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். பத்தாம் நாள் வேன் மட்டும் திரும்பி வந்தது. பதினோரு வருடம் ஆகிறது.

அப்போது ஊரில் டவர் இல்லை. அவளிடம் போன் இல்லை. போகிறவனிடம் கொடுத்தனுப்ப ஓர் எண் இல்லை.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். எண்கள் தெரியும்.

பையின் முகப்பில் அவை இரண்டுதான் இருக்கின்றன.

"ஒரே ஒரு திருத்தம்மா," என்றார் பேராசிரியர். "இந்த நம்பரை எடுத்துடலாம். இலவச அழைப்பு எண் போட்டா சென்னையில ஒரு பொண்ணு எடுத்துப் பேசும். உங்களுக்கும் நிம்மதி."

"வேணாம் சார். நான்தான் எடுக்கணும்."

போன் அடித்தது.

சொல்லாமலே சாந்தம்மாள் மிஷினை நிறுத்தினாள். மணி அடித்தால் மிஷின் நிற்கும். அந்த மில்லில் இருக்கும் ஒரே சட்டம் அது. முறங்களெல்லாம் அசையாமல் நின்றன.

புது எண்.

செவ்வந்தி இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அலோ சொல்லவில்லை. அந்தப் பக்கம் முதலில் பேசட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓர் ஆண் இருமுவது கேட்டது.

'இரண்டாவது மணியிலேயே வாடிக்கையாளர் சேவை' என்று பேராசிரியர் தட்டினார்.

ராஜம்பேட்டையிலிருந்து பேசினார்கள். சாமையில் கல் இருக்கிறதாம்.