வேலைக்கார வேஷம்

“கிறிஸ்துநாயகம் அண்ணை, உங்கட நிசாந்தனுக்கு வேலைக்கார வேஷமே?”

தோளில் வீடியோ கமராவோடு பக்கத்துக் கதிரையிலிருந்த பத்மநாதன் குனிந்து கேட்டார். அவருடைய மகன் மேடையில் காஸ்டீல் நாட்டு அரசனாக, தங்கக் கடதாசி முடியோடு வீற்றிருந்தான்.

கிறிஸ்துநாயகத்துக்கு முகம் சுண்டிப்போனது.

தொண்ணூற்றாறில், அவர்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த வோபர்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட சரித்திர நாடகம் அது. ஸ்பெயின் ஒரே நாடாவதற்கு முந்திய கதை. காஸ்டீல் அரசனின் தங்கை இசபெல்லா. அவளைக் கட்டுகிறவனுக்கு நாளைக்கு அரியணையிலும் பங்கு. ‘கட்டினால் அரகோன் இளவரசன் பெர்னாண்டோவைத்தான்’ என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவன் எல்லை தாண்டினால் பிடிக்கச் சொல்லி அரசன் ஆள் விட்டிருக்கிறான்.

அடுத்தது சத்திரக் காட்சி. வியாபாரிகள் சாப்பிட உட்கார, கந்தல் உடுப்போடு நிசாந்தன் தட்டுகளை ஏந்திக்கொண்டு வந்தான்.

“பாத்தியே அன்ரனெற்?” கிறிஸ்துநாயகம் மனைவியின் காதில் பொரிந்தார். “எங்கட பெடியனெண்டால் உவையளுக்குத் தட்டுத் தூக்கத்தான். நாளைக்கு ரீச்சரிட்டை ரெண்டிலொண்டு கேக்கிறன்.”

“சத்தம் போடாதேங்கோப்பா. முடியட்டும், பாப்பம்.”

அவருக்குச் சுட்டதற்குக் காரணம் இருந்தது. மிசிசாகாவில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரும் தட்டுத்தான் தூக்குகிறார். மகனுக்குச் சொல்லி வைத்திருப்பது, மனேஜர் என்று.

மேடையில் காவலர்கள் புகுந்தார்கள். வியாபாரிகளைப் போட்டு உலுப்பினார்கள். வேலைக்காரனை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார்கள்.

பிறகு, இசபெல்லாவின் முன்னால் அந்த வேலைக்காரன் கந்தலைக் கழற்றி எறிந்தான். உள்ளே பட்டுச் சட்டை.

“அரகோன் இளவரசன் பெர்னாண்டோ!”

சபை எழுந்து நின்று கைதட்டியது. பத்மநாதனுந்தான்.

நாடகம் முடிய ரீச்சரே தேடி வந்து கிறிஸ்துநாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினா. “இந்த வேஷத்துக்குக் கனபேர் வந்தார்கள். தட்டைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் கூனிப்போனார்கள். உங்கள் மகன் மட்டும்தான் நிமிர்ந்து நடந்தான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனா.

அவர் மகனைப் பார்த்தார். “உந்த நடையை எங்கையடா பழகினனீ?”

நிசாந்தன் கொஞ்சம் தயங்கினான். “பிரெண்டின்ட அக்காவின்ட வெடிங்குக்கு உங்கட ஹோலுக்கு வந்தனான் அப்பா. நீங்கள் என்னைக் காணேல்லை.”

கிறிஸ்துநாயகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“கை நிறையத் தட்டோட நீங்கள் நடந்து வரேக்கை, நான் மாப்பிள்ளையைப் பாக்கேல்லை அப்பா, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். பிரின்ஸ் எண்டால் இப்பிடித்தான் நடப்பானெண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.”