எண் கிடைக்காத கலம்

எங்கள் அலுவலகத்தில் விண்கலம் தரையில் இருக்கும்வரை அதற்கு எழுத்துதான் பெயர். மேலே போய்ச் சேர்ந்தால்தான் எண் கிடைக்கும். ஏ ஒன்றானது, பி இரண்டானது. சி, ஏவிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அதற்கு வைத்திருந்த மூன்றாம் எண்ணை டி வாங்கிக்கொண்டது.

தினமும் காலையில் கலங்கள் ஒவ்வொன்றாகப் பேசும். முதலில் பெயர், பிறகு பேட்டரி, வெப்பநிலை. நான் பார்த்துவிட்டு ‘சரி’ என்று பதில் அனுப்புவேன்.

திங்கட்கிழமை, மூன்றாம் கலம் பேசி முடித்ததும் சி பேசியது. பேட்டரி நிறைந்திருப்பதாகச் சொன்னது. பக்கத்து மேசை நாகேஷிடம் காட்டினேன்.

“யாராச்சும் டெஸ்ட் ஓட்டிட்டிருப்பாங்க மேடம். விடுங்க.”

விட மனம் வரவில்லை. மற்றவற்றுக்கு அனுப்புவதுபோல அதற்கும் ‘சரி’ என்று அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அது மறுபடி பேசியது. இந்த முறை பெயர் இருந்த இடத்தில் சி இல்லை. ஜாய்சன் என்று இருந்தது.

பிறக்கும்போதே இறந்துபோன எங்கள் மகனுக்காக நானும் என் கணவர் க்ளெனும் யோசித்து வைத்திருந்த பெயர் அது. ஞானஸ்நானம் ஆகும்வரை பெயரை வெளியே சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் வேறு யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது க்ளெனிடம் சொன்னேன். காக்ஸ் டவுன் மார்க்கெட் தாண்டியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“அங்க ரொம்பக் குளிருமே, கேரல்.”

“மத்ததெல்லாம் மைனஸ்லதான் இருக்கு,” என்றேன். “இவனுக்கு முப்பத்தேழு டிகிரி.”