சேவல் கூவாத காலை

மணி ஏழாகிறது. கடல்மேல் வெயில் ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் இன்னும் கூவவில்லை. மொட்டைமாடியில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் வெண்டல், "அப்பாடா, பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்" என்று சோம்பல் முறிக்கிறார். தன்னைப் போலவே கனடாப் பனிக்குத் தப்பி, குளிர்காலம் போக்க இந்த மெக்சிகோக் கடற்கரைக்கு வரும் ஓய்வுபெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, சேவலுக்கு எதிராக நகராட்சியில் மனுக் கொடுத்தவர் அவர்தான். மனைவி லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வந்த இடத்தில் என்ன நாட்டாமை! கோப்பையை நங்கென்று வைக்கிறாள்.

படியேறி வருகிறாள் பக்கத்து வீட்டு எவுலாலியா. கையில் மண்சட்டி. வறுத்த மிளகாயும் எள்ளும் மணக்கின்றன. அவள் பாவாடையில் செம்பழுப்பு இறகு ஒன்று ஒட்டியிருக்கிறது. "சாப்பிடுங்க வெண்டலய்யா. இனிமே அவன் கத்த மாட்டான்." வெண்டலின் முகம் வெளிறுகிறது. "ராத்திரி அடைச்சு வைக்கத்தானே சொன்னேன்..." "பேசிட்டே இருந்தா ஆறிடும்" என்று எவுலாலியா அவர் தட்டில் ஒரு தொடையை வைக்கிறாள். "நல்லா முழுங்குங்க!" என்று லோர்னா கணவர்மேல் சீறுகிறாள். "வெக்கமா இல்ல உங்களுக்கு?"

எவுலாலியா அதைக் காதில் வாங்கவே இல்லை. இன்னொரு தட்டை எடுக்கிறாள், மற்றத் தொடையை வைத்து, குழம்பை வழிய ஊற்றி, லோர்னாவின் முன்னால் நகர்த்துகிறாள்.

"நகராட்சியில அந்தத் தாளை என் கையிலயே குடுத்துட்டாங்க. ரெண்டாவது கையெழுத்து உங்களோடது, லோர்னாம்மா."