பிரபுவுக்கு விழுந்த தக்காளி

"வாசிடா லாப்போ. அந்தத் திருட்டுப் பிரபு இன்னும் என்னென்ன அட்டூழியம் பண்ணினான்னு ஊருக்குத் தெரியட்டும்."

மேயர் பெர்னோக்கி என்னை ஒரு பீப்பாய் மேல் ஏற்றிவிட்டு, கடிதத்தைப் பிரிக்கச் சொன்னார். எதிரே மொத்த ஊரும், கையில் அழுகின தக்காளியோடு. எனக்குப் பின்னால் பிரபு குடும்பத்து மாளிகையான வில்லாவின் வாசல். வாசலுக்கு மேலே பால்தசாரே பிரபுவின் பளிங்குத் தலை. மூக்கு எப்போதோ போய்விட்டது.

ஆகஸ்டில் எங்கள் ஊர்த் திருவிழா இதுதான். காலரா வந்த வருஷம் இந்த மனுஷன் ஊர் ஊற்றைச் சுவர் வைத்து அடைத்து, தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டானாம். அதற்குத்தான் நூற்று எழுபது வருஷமாகத் தக்காளி. அடித்து முடித்ததும் எல்லோரும் வில்லாவுக்குள்ளேயே போய்க் கை கழுவி, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயத்தான் கிளம்புவோம். அதுவும் வழக்கம். எங்களுக்கு வெட்கம் கிடையாது.

போன வாரம் ஊற்றை அடைத்த அந்தச் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்தது நான். ஒரு கல் கழன்றது. உள்ளே தகர டப்பா, அதில் இந்தக் கடிதம். அந்தக் காலத்து டாக்டர் எழுதியது. மேட்டில் இருந்த, தோல் பதனிடுகிற ஒருத்தன் வீட்டுச் சாக்கடை ஊற்றில் கலந்து, குடித்தவர்கள் செத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தால் ஊர் அவனையும் அவன் ஏழு பிள்ளைகளையும் வீட்டோடு கொளுத்திவிடும். அதனால் பிரபு ஊற்றை அடைத்து, தண்ணீர் தன் தோட்டத்துக்கு என்று சொல்லி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம்.

ஆக, ஒரு நல்ல மனுஷனின் மூக்கைத்தான் உடைத்திருக்கிறோம்.

கடிதம் கிடைத்ததை மேயரிடம் சொல்லித் தொலைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. திட்ட இன்னொரு காரணம் கிடைத்தது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இன்று காலை எர்சிலியா அம்மாளிடம் போனேன். பிரபு வம்சத்தில் கடைசி ஆள். எண்பது தாண்டியாச்சு, வில்லாவில் ஒண்டிக்கட்டை. ஊருக்காக மலைபோல் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கத்தி நிற்கவே இல்லை.

"இது தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"மன்னிப்புக் கேப்பாங்க. கல்வெட்டு வைப்பாங்க. மேயர் மாலை போடுவாரு."

"போட்டுட்டு?"

"வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அதான். மத்த நாள்ல இந்தக் கதவை யாருடா தட்டறான்? தபால்காரனே வெளிய பெட்டியில போட்டுட்டு ஓடறான்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பியவன்தான், இப்போது பீப்பாய் மேல் நின்றிருந்தேன்.

"என்னடா முழிக்கிற? வாசி" என்றார் மேயர்.

"வரலை."

"என்ன வரலை?"

"படிக்கத்தான். இந்தக் கையெழுத்து ஒரு எழவும் புரியலை."

ஊரே சிரித்தது. பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்றாள் ரொட்டிக்கடைக்காரி. மேயர் கடிதத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் யாருக்கோ பொறுமை போய், முதல் தக்காளி பறந்து வந்து என் நெற்றியில் உடைந்தது. அடுத்தது மேயருக்கு. அதற்கப்புறம் கடிதத்தை யார் நினைத்தார்கள்?

சாயங்காலம் வரை வில்லாவுக்குள் ஒரே கூச்சல். எர்சிலியா அம்மாள் ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார். என் முறை வந்தபோது நெற்றியைத் துடைக்க ஒரு துணியைக் கொடுத்து, அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுப் போ என்று காதோரம் சொன்னார்.

போடவில்லை. யாருக்கும் வாசித்துக் காட்டவும் இல்லை; டப்பாவோடு என்னிடமே இருக்கிறது.